நான்காம் படுக்கையின் பூஜ்யங்கள்

"வலி மதிப்பீட்டுத் தரவு சேகரிப்பாளர் (தற்காலிகம்): இவர் குறித்த நேரத்தில் குறித்த கேள்வியை மட்டும் நோயாளியிடம் கேட்பார்; விடையை மட்டும் எழுதுவார். கேள்வியில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். அனுதாபம், ஆறுதல், முகபாவம் ஆகியவற்றைத் தவிர்ப்பார். நோயாளிகளோடு தனிப்பட்ட தொடர்பு ஏதும் இல்லாதவர்."

இது அவளுடைய நியமன உத்தரவின் இரண்டாம் பத்தி. இதற்கு நேர் எதிரான ஒருத்தி வேண்டும் என்று குழு அமைத்துத் தேடியிருந்தாலும் அவளைவிடப் பொருத்தமானவள் அகப்பட்டிருக்கமாட்டாள். முகபாவத்தைத் தவிர்ப்பதாவது! லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவர் காலை நொண்டினால் இவள் முகம் சுருங்கும். வாயோ, கதவு வைக்க மறந்துபோய்க் கட்டிய வீடு. கேள்வியில் ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது என்றால், கேள்வி முடிந்த பிறகு முப்பது சொல் பேசலாம் என்றுதான் அவள் அதற்குப் பொருள் கொண்டாள்.

பதினாறு வருஷம் அதே ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கில் போர்வையும் படுக்கை விரிப்பும் எண்ணிக்கொண்டிருந்தவள். சலவையை வெளி ஆட்களிடம் விட்டபோது, போர்வையோடு சேர்த்து அவளையும் அனுப்பிவிட முடியாமல் நிர்வாகம் யோசித்தது. அந்தச் சமயத்தில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டார்கள். "எண்களில் நீண்ட அனுபவம் உண்டு" என்று எழுதி அவளை அங்கே தள்ளினார்கள். பொய்யில்லை. வார்டில் ஒரே வாரத்தில் அவளுக்கு நம்பரம்மா என்று பெயர் விழுந்தது.

ஆராய்ச்சி இதுதான். கணையத்தில் கட்டி வந்தவர்களுக்கு, விலா எலும்புக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை திறந்து, கணையத்தின் தலையையும் அதை ஒட்டிய குடலையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி இணைத்துத் தைப்பார்கள். ஆறு மணி நேரமும் ஆகும், ஒன்பது மணி நேரமும் ஆகும். பிறகு வருகிற வலிக்கு என்ன செய்வது? முதுகெலும்பை ஒட்டி ஒரு மெல்லிய குழாயைச் செருகி மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்பது மயக்க மருந்துத் துறைத் தலைவரின் கட்சி. காயத்தின் அடியில் ஒரு குழாய், கையில் ஒரு பொத்தான், வலித்தால் நோயாளியே அழுத்தி ஊசி மருந்தை ஏற்றிக்கொள்ளட்டும் என்பது அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் கட்சி. இரண்டு பேரும் ஐந்து வருஷமாகச் சண்டை போட்டார்கள். நோயாளிக்கு வலிக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒத்துப்போனதால்தான் சண்டை அவ்வளவு கடுமையாக இருந்தது. கடைசியில், அந்த முறைக்கு நாற்பது பேர், இந்த முறைக்கு நாற்பது பேர் என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினார்கள்.

எந்த நோயாளிக்கு எந்த முறை என்று நம்பரம்மாவுக்குத் தெரியக் கூடாது. அதற்காக எல்லோருக்கும் முதுகிலும் வயிற்றிலும் ஒரே மாதிரி பிளாஸ்திரி, கருவிமேல் பச்சைத் துணி உறை. ஆனால் நோயாளிகளே அவளைக் கிட்டத்தில் கூப்பிட்டு, "எனக்கு முதுகுல போட்டிருக்காங்கம்மா, வெளியில சொல்லிடாதீங்க" என்று ரகசியமாகச் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவர்களையும் மூன்றாம் மாதத்திலிருந்து அவள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தாள். பொத்தான்காரர்கள் அரைத் தூக்கத்தில் மூக்கைச் சொறிவார்கள். முதுகுக் குழாய்க்காரர்கள் தெளிவாகப் பேசுவார்கள், கால் மட்டும் தன்னுடையது இல்லை என்பார்கள்.

காலை ஏழு, பதினொன்று, மதியம் மூன்று, மாலை ஏழு. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. இப்போது உங்கள் வலி எத்தனை? படுத்தபடி ஒரு தடவை, இருமிய பிறகு ஒரு தடவை. மூன்று நாள். ஒரு நோயாளியை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே ஆள்தான் கேட்க வேண்டும்; ஆள் மாறினால் அந்த நோயாளி கணக்கிலிருந்து போய்விடுவார்.

கேள்வி ஒன்றுதான், விடைகளுக்கு அளவே இல்லை. மர வியாபாரி ஒருவர், "நீங்க ஒரு நம்பர் சொல்லுங்கம்மா, பார்த்துக் குறைச்சுக்கலாம்" என்றார். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் யாருக்கும் எட்டுக்கு மேல் போடுவது பாவம் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஏழரையிலேயே நின்றார். நம்பரம்மா எல்லாவற்றையும் சொன்னபடி எழுதினாள். எழுதிய தாளைப் படுக்கையின் கால்மாட்டில் தொங்கவிட்டாள்.

அங்கேதான் ஒரு பழக்கம் சத்தமில்லாமல் உருவாகியிருந்தது. முன்பெல்லாம் நர்ஸுகளும் டாக்டர்களும் "வலிக்குதா?" என்று தாங்களே கேட்பார்கள். இப்போது இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி கேட்டு எழுதும்போது மறுபடி எதற்குக் கேட்பது என்று, கால்மாட்டுத் தாளைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. உத்தரவு இல்லாத வழக்கங்களைத்தான் ஆஸ்பத்திரிகள் மிகவும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன.

முப்பத்தொன்பதாவது முதுகுக் குழாய் ஆளாக, நான்காம் படுக்கைக்கு அவளுடைய அக்கா வந்து சேர்ந்தாள்.

முந்தின நாள் மாலையே நம்பரம்மா பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டாள். வயது ஐம்பத்தெட்டு. தொழில்: ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மாஸ்டர். நாற்பது அடுக்குத் துணியை ஒரே வெட்டில் நூல் பிசகாமல் வெட்டுகிற கை அது. ஊரில் இன்னொருத்தி இருக்க முடியாது. "நோயாளி உங்களுக்கு அறிமுகமானவரா?" என்று படிவம் கேட்டது. நம்பரம்மா வெகுநேரம் பேனாவை உருட்டினாள். பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அக்காவுக்குத் தலை நரைத்ததா என்றுகூடத் தெரியாது. இதற்குப் பெயர் அறிமுகமா? "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ஆம் என்று போட்டால் வேறு ஆளை அனுப்புவார்கள், அந்தப் படுக்கையின் பக்கத்தில் நிற்க அவளுக்கு வேறு எந்த வழியும் கிடையாது என்பதைப் படிவம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சேர்க்கையின்போது அக்காவிடமும் கேட்டிருக்கிறார்கள். "உடன்பிறந்தவர்கள்?" "யாருமில்ல." பதினோரு வருஷத்தில் அக்காளும் தங்கையும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் காலை ஏழு மணி. அக்காவின் தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் இரண்டு. கண் மூடியிருந்தது.

"பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாத வலி. இப்ப உன் வலி எத்தனை... அக்கா?"

அக்கா கண்ணைத் திறந்தாள். தங்கையை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"கேள்வியில அக்கா இருக்கா?"

"இல்ல."

"அப்ப இருக்கிறபடி கேளு."

நம்பரம்மா தாளைப் பார்த்து, "உங்கள் வலி எத்தனை?" என்று இருக்கிறபடி கேட்டாள்.

"பூஜ்யம்."

"இருமிட்டு இன்னொரு தடவை சொல்லணும்."

மேடையில் பேச எழுந்தவர் தொண்டையைச் செருமுவதுபோல் அக்கா ஒரு சின்னச் சத்தம் எழுப்பினாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

"பூஜ்யம். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். முடிந்த பிறகு பேசும் முப்பது சொல் அன்றைக்கு அவளுக்கு வரவில்லை.

வெளியே வராந்தாவில் மாமா, அதாவது அக்காவின் கணவர், ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முப்பது குழந்தைகளின் கூச்சலை ஒரு ஹாரனால் அடக்குவார், வீட்டில் ஒரு மனுஷியின் மௌனத்தை அடக்கத் தெரியாது. இந்தப் பதினோரு வருஷமும் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று, அக்காவுக்குத் தெரியாமல் தங்கைக்கு மாதம் ஒரு போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சொன்னா?"

"பூஜ்யம் மாமா."

"பூஜ்யமா?" அவர் ஃபிளாஸ்க்கின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். "நகம் பேந்தாலே ஊரைக் கூட்டுவாளே அவ. வயித்தைக் கிழிச்சதுக்குப் பூஜ்யமா?"

"முதுகுல மருந்து போகுதுல்ல."

"அப்ப கல்யாணத்தப்பவே அதைப் போட்டு அனுப்பியிருக்கலாம் உங்க வீட்டுல" என்று சிரித்தார் மாமா. தன் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்காவிட்டால் தானே சிரித்து முடித்துவிடும் நல்ல பழக்கம் அவருக்கு உண்டு.

முதல் நாள் முடிவில் எட்டுப் பூஜ்யங்கள். மயக்க மருந்துத் துறைத் தலைவர் தாளைத் தூக்கிப் பிடித்து, சுற்றி நின்ற மாணவர்களிடம் காட்டினார். "இதைவிட என்ன சாட்சி வேணும்? பேராசிரியர் வந்தா மறக்காம காட்டுங்க." இவ்வளவு நல்ல பூஜ்யத்துக்கு இவ்வளவு மருந்து எதற்கு என்று சொட்டின் வேகத்தையும் குறைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் காலையில் அக்காவுக்குக் காய்ச்சல். மூச்சு மேலாகவே போய் வந்தது. "இருமவே மாட்டேங்கறாங்க. சளி தேங்குது" என்றாள் நர்ஸ். வலிதான் இல்லையே, இருமினால் என்ன? "இந்தம்மா ஒரு கல்லுளிமங்கி" என்று சலித்துக்கொண்டாள். எக்ஸ்ரேக்கு எழுதினார்கள்.

பதினொரு மணிக்கு நம்பரம்மா போனபோது கட்டிலுக்கு அடியில் கழற்றிப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்று கிடந்தது. கை தானாக அதை எடுத்தது; பதினாறு வருஷப் பழக்கம். நடுவில், முதுகு படும் இடத்தில், ஈரம். வேர்வை என்றால் விளிம்பு மஞ்சளாகப் படியும், உப்பு வாடை வரும். இது தண்ணீர் மாதிரி. வாடையே இல்லை.

"காலையிலேருந்து மூணாவது விரிப்பு" என்றாள் நர்ஸ். "காய்ச்சல் வேர்வை."

நம்பரம்மா கேள்வியைக் கேட்டாள். பூஜ்யம். பூஜ்யம்.

எக்ஸ்ரேக்கு அக்காவைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பிய தள்ளுவண்டிக்காரர் வராந்தாவில் அவளைப் பிடித்தார். அந்த வார்டில் அவளுக்கு ஈடாகப் பேசக்கூடிய ஒரே ஆள்.

"நம்பரம்மா, உங்க உத்தியோகத்தை எனக்குக் குடுத்துடுங்க. எனக்குத்தான் நல்லா மார்க் போடறாங்க."

"என்ன உளர்றே?"

"நாலாம் படுக்கை அம்மா. லிஃப்ட் கிட்ட ஒரு சின்ன மேடு, வண்டி குதிச்சுது. 'தம்பி, மெதுவா, உயிர் போகுது'ன்னு அழுதுட்டாங்க. சும்மா விளையாட்டுக்கு, 'பத்துக்கு எத்தனைம்மா'ன்னு கேட்டேன். ஒம்பதுன்னாங்க. நீங்க பூஜ்யம்னு எழுதி வெச்சிருக்கீங்க! கண்ணாடியை மாத்துங்க."

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை உருட்டிப் போனார். நம்பரம்மா அங்கேயே, தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில், நின்றாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, ஷிஃப்ட் வேலை பார்த்த தங்கையின் பிள்ளையை அக்காதான் வளர்த்தாள். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்பது வயது வரை. அக்காவுக்குக் குழந்தை கிடையாது. பிள்ளை தன்னை "சித்தி" என்றும் அக்காவை "அம்மா" என்றும் கூப்பிட்டது தங்கைக்கு ஒருநாள் பொறுக்கமுடியாமல் போயிற்று. பெட்டி கட்டிப் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். அக்கா வாசலை மறித்து, "ஒம்பது வருஷம் வளத்திருக்கேன்டி, எனக்கு வலிக்காதா?" என்றாள். அதற்குத் தங்கை சொன்னாள்: "வலியா? பெத்திருந்தாத்தானே உனக்குத் தெரியும், வலின்னா என்னன்னு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டதோடு சரி. கேட்டுக்கொண்டிருந்தவள் என்ன ஆனாள் என்று பழமொழி சொல்வதில்லை. அக்கா வாசலை விட்டு விலகினாள். அத்தோடு பேச்சு நின்றது. பிள்ளைக்கு இப்போது இருபது வயது. வேறு ஊரில் வேலை. இரண்டு பேரையுமே அதிகம் கூப்பிடுவதில்லை.

வலி என்றால் உனக்கு என்ன தெரியும் என்று சொன்னவளே வந்து, நாள் ஒன்றுக்கு நாலு வேளை, வலி எத்தனை என்று கேட்டால், அக்கா வேறு என்ன விடை சொல்லுவாள்? தாளில் இருந்த பூஜ்யங்கள் வயிற்றைப் பற்றியவை அல்ல.

இனி இரண்டு வழி இருந்தது. பேசாமல் ஒன்பது என்று தானே எழுதிவிடலாம். யாருக்கும் தெரியாது, அக்காவின் பக்கத்தில் இன்னும் ஒன்றரை நாள் நிற்கலாம். ஆனால் வெட்டு மாஸ்டரின் தங்கைக்குக் கணக்கில் கை வைக்க வரவில்லை. தவிர, இன்றைக்கும் நாளைக்கும் உண்மையான எண் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்கிறவள் அவளாக இருக்கும்வரை அது வராது. அவள் ஆராய்ச்சி டாக்டரின் அறைக்குப் போனாள்.

ஆராய்ச்சி டாக்டர் சின்ன வயதுக்காரி, கணினிக்கு முன்னால் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"டாக்டர், நாலாம் படுக்கை என் அக்கா."

"உங்களுக்கு எல்லாரும் அக்காதான்."

"கூடப் பிறந்தவ."

டாக்டர் ரொட்டியைக் கீழே வைத்தாள். "படிவத்துல இல்லன்னு போட்டிருக்கீங்களே?"

"போட்டப்ப இல்ல. இப்ப இருக்கா."

"நம்பரை எதையாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணுகூட மாத்தல. அவ சொன்னதைத்தான் எழுதினேன். ஆனா அது வலிக்குப் போட்ட நம்பர் இல்ல, எனக்குப் போட்டது. வேற யாரையாவது விட்டுக் கேளுங்க. நான் இருந்தா சொல்லமாட்டா. முதுகுப் பக்கம் விரிப்பு நனையுது, அது வேர்வை இல்ல. அதையும் பாருங்க."

டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆள் மாறினா இவங்க கணக்குல இல்ல, தெரியுமா? முப்பத்தொன்பது முடிஞ்சுதுன்னு நேத்துத்தான் சந்தோஷப்பட்டேன். இன்னொருத்தர் கிடைக்க எத்தனை மாசம் ஆகும்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுந்து வார்டுக்கு ஓடினாள். நல்ல பெண், புலம்பிக்கொண்டே ஓடுகிறவர்களைத்தான் ஆஸ்பத்திரியில் நம்பலாம்.

அக்காவைப் புரட்டி, முதுகுப் பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தார்கள். குழாய் இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. எத்தனை மணி நேரமாகவோ மருந்து, விரிப்புக்கு வலிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. துறைத் தலைவரே குழாயை உருவிவிட்டு, அவர் ஐந்து வருஷமாக எதிர்த்த பொத்தானை அக்காவின் கையில் கொடுத்து, எப்படி அழுத்துவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மூன்று மணிக்கு ஒரு நர்ஸ் கேட்டாள். படுத்தபடி ஒன்பது, இருமினால் பத்து. ஏழு மணிக்கு ஆறு, எட்டு. மறுநாள் காலையில் நாலு, ஐந்து. அக்கா இருமினாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி இருமினாள்.

அன்றைக்கு மாமா வராந்தாவின் கடைசியில் நம்பரம்மாவைக் கண்டுபிடித்தார்.

"இங்க என்னம்மா ஒளிஞ்சு நிக்கறே? உள்ள வா. தூங்கி எழுந்து தெளிவா இருக்கா. நான் பேசறேன் அவகிட்ட."

"வேண்டாம் மாமா."

"தானாடாட்டாலும் தன் சதை ஆடும்மா. உன்னைப் பார்த்தா மனசு மாறும்."

"மனசு மாறாது. நம்பர்தான் மாறும். நான் உள்ள வந்தா மறுபடி பூஜ்யம்னு சொல்லிட்டு, பொத்தானை அழுத்தாம படுத்திருப்பா."

மாமா முப்பத்திரண்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவர். "ஆமா. படுத்திருப்பா" என்றார். ஃபிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றி அவளுக்குக் கொடுத்தார்.

தவறான தகவல் கொடுத்ததற்காக நம்பரம்மாவை ஆராய்ச்சியிலிருந்து எடுத்து, வெளிநோயாளிச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அதில் இருந்தது. இரண்டு கட்சியும் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "விதிமுறை மீறல் காரணமாக ஒருவர் நீக்கப்பட்டார்." அக்காவின் அந்த ஒன்றரை நாள் அவ்வளவுதான் இடம் பிடித்தது.

அக்கா அதைப் பார்க்க இருக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் போனாள். நான்காம் மாதம் கட்டி ஈரலில் தலைகாட்டியது. வலிக்குக் கசப்பு மருந்து ஒன்றைப் புட்டியில் கொடுத்தார்கள். எண் நாலுக்குள் என்றால் இத்தனை மில்லி, அதற்கு மேல் என்றால் இத்தனை என்று டாக்டர் எழுதிய சீட்டை மாமா திருப்பித் திருப்பிப் படித்தார். நம்பரம்மா அவருக்குப் போனில் கற்றுக்கொடுத்தாள்: எப்படிக் கேட்பது, படுத்தபடி ஒரு தடவை, புரண்ட பிறகு ஒரு தடவை, விடையைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருப்பது எப்படி. இந்தக் கடைசிப் பாடத்தை அவள் யாரிடமிருந்து கற்றாளோ.

ஒருநாள் மாமா சொன்னார்: "யாருக்குத் தினம் போன்னு கேட்டாம்மா. டாக்டருக்குன்னேன்."

"நம்பினாளா?"

"'எனக்கு ஆறு. அந்த டாக்டர்கிட்ட மட்டும் பூஜ்யம்னு சொல்லு'ன்னா."

"ஆறுக்கு உள்ளதைக் குடுங்க மாமா" என்றாள் நம்பரம்மா.

அக்கா ஒரு புதன்கிழமை மதியம் இறந்தாள். அன்று காலையில் அவள் சொன்ன எண் இரண்டு.

புட்டி மருந்து தொடங்கிய நாளிலிருந்து அந்தப் புதன்கிழமை வரை, ஐந்து மாதம், தங்கை தினம் இரண்டு வேளை மாமாவுக்குப் போன் செய்து எண்ணைக் கேட்டு, மருந்தின் அளவைப் படித்துச் சொன்னாள். அக்கா இருந்த வீட்டுக்கு ஒரு தடவையும் போகவில்லை.